பிக்கப்பின் பின்பக்கம் தொங்குகிறதா? பட்டை ஏற்றுவதற்குமுன் எடை மேடைக்குப் போங்கள்

பாச்சலூர்ப் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: “மூன்று வருடம் ஓடிய பொலிரோ பிக்கப் ஒன்றை வாங்கியிருக்கிறேன். சௌசௌ, பீன்ஸ், வாழைத்தார் ஏற்றிக்கொண்டு வடகாடு வழியாக ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்கு இறங்குகிறேன். லோடு ஏற்றினால் பின்பக்கம் தொங்குகிறது. கமானில் இரண்டு பட்டை கூடுதலாக ஏற்றி, ஒரு சைஸ் பெரிய டயர் போட்டு, தளத்துக்குச் செக்கர் பிளேட், முன்னால் இரும்புக் குழாய் கார்டு, மேலே எல்.இ.டி. பார், கேபின்மேல் கேரியர் எல்லாம் சேர்த்து ஒரு லட்சத்துக்குள் முடித்துத் தருவதாகப் பட்டறையில் சொல்கிறார்கள். எஃப்.சி.யையும் (தகுதிச் சான்று) அவர்கள் ஆளே பார்த்துக்கொள்வாராம். எதை முதலில் செய்யலாம்?”

இந்தப் பட்டியலில் முக்கால்வாசியைச் செய்யவே வேண்டாம். பணத்தை எடுத்து வையுங்கள், அதற்கு வேறு வேலை இருக்கிறது. உங்கள் உண்மையான கவலை பின்பக்கம் தொங்குவதுதான். அதை முதலில் பார்த்துவிடுவோம்.

தொங்குவதற்கு இரண்டு காரணங்கள் இருக்கலாம். ஒன்று, அளவுக்கு மீறி ஏற்றுகிறீர்கள். இன்னொன்று, பழைய சொந்தக்காரர் மீறி ஏற்றி ஓட்டியதில் கமான் பட்டை, அதாவது பின் அச்சில் அடுக்காக இருந்து பாரம் தாங்கும் வளைந்த இரும்புத் தகடு, தளர்ந்துபோயிருக்கிறது. இரண்டில் எது என்று தெரியாமல் பட்டை ஏற்றச் சொல்லும் மெக்கானிக் உங்கள் வண்டியைப் பார்க்கவில்லை, உங்கள் பையைப் பார்க்கிறார்.

கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. காலி வண்டியைச் சமதளத்தில் நிறுத்துங்கள், நான்கு டயரிலும் காற்று சரியாக இருக்கட்டும். பின்சக்கரத்தின் மையத்திலிருந்து நேர் மேலே, லோடு பாடியின் அடிவிளிம்புவரை டேப் வைத்து அளந்து இரண்டு பக்கத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கம் மற்றதைவிட ஒரு விரல் அகலத்துக்குமேல் இறங்கியிருந்தால் அந்தப் பக்கத்துப் பட்டை போய்விட்டது. அப்படியே குனிந்து டார்ச் அடித்துப் பாருங்கள். பட்டைகளுக்கு நடுவிலிருந்து சிவப்பாகத் துருப்பொடி கோடாக வழிந்திருந்தால் அங்கே விரிசல் இருக்க வாய்ப்பு அதிகம். காலி வண்டியிலேயே பட்டையின் வளைவு நேராகிக் கிடந்தால் அதற்கு உயிர் இல்லை.

இந்த நிலைமை இருந்தால் மட்டும் கமானில் கை வைக்கலாம். இந்த ஒரு விதிவிலக்கைக் கொஞ்சம் விளக்கியே சொல்கிறேன், ஏனென்றால் இதைக் காட்டித்தான் கூடுதல் பட்டையைத் தலையில் கட்டுகிறார்கள். உடைந்த பட்டைக்குப் பதில் அதே பட்டை போடுவது ரிப்பேர். கம்பெனி கொடுத்த எண்ணிக்கைக்குமேல் ஒன்று சேர்ப்பது வேறு சமாசாரம். மாற்றும்போது உங்கள் மாடலுக்கு உரிய பார்ட் நம்பரைக் கேட்டு வாங்குங்கள், அதே வண்டியில் பல பாரத் திறன்களில் மாடல்கள் இருப்பதால் பட்டையும் மாறும். ஒரு பக்கம் மட்டும் மாற்றாதீர்கள், இரண்டு பக்கமும் சேர்த்து மாற்ற வேண்டும். பட்டையை அச்சோடு சேர்த்துக் கட்டும் யூ போல்ட்டையும் புதிதாகப் போடச் சொல்லுங்கள். நீண்டு தளர்ந்த பழைய போல்ட்டையே திரும்ப முறுக்கி அனுப்புவது வழக்கமாகிவிட்டது. லோடோடு சில நூறு கிலோமீட்டர் ஓடியபின் திரும்பப் போய் நட்டுகளை முறுக்கிக்கொள்ள வேண்டும். ‘செட்டிங்’ என்று பழைய பட்டையை வளைத்துத் தருவதாகச் சொன்னால் அது தற்காலிகம், சில மாதத்தில் திரும்ப இறங்கிவிடும் என்று தெரிந்து செய்யுங்கள். இத்தனையும் செய்தபின் வண்டி கம்பெனியிலிருந்து வந்த உயரத்துக்கு வரும். அதற்குமேல் வராது, வரவும் கூடாது.

ஏன் கூடாது என்கிறேன்? பல பிக்கப்களில் பின் அச்சுக்கும் சேஸிஸுக்கும் நடுவே ஒரு சின்னக் கம்பி போகும். அது பிரேக் வால்வு ஒன்றின் கை. லோடு ஏற ஏறப் பாடி தாழும், அதை வைத்து ‘பின்னால் பாரம் இருக்கிறது’ என்று அந்த வால்வு புரிந்துகொண்டு பின்சக்கர பிரேக்குக்கு அழுத்தத்தைக் கூட்டிக் கொடுக்கும். கூடுதல் பட்டை ஏற்றினால் ஒன்றரை டன் ஏற்றியும் பாடி தாழாது. வண்டி காலியாக இருக்கிறது என்றே வால்வு நினைத்துக்கொள்ளும். பின் பிரேக் பாதிதான் பிடிக்கும், மொத்தச் சுமையும் முன் பிரேக்கில் விழும். வடகாட்டு வளைவுகளில் இறங்கும்போது முன் டிஸ்க் சூடேறி, பெடல் பஞ்சுபோல் உள்ளே போகும். விபத்தான வண்டிகளைக் காப்பீட்டுக்காகப் பரிசோதிப்பது என் தொழில். “பிரேக் பிடிக்கவில்லை சார்” என்று டிரைவர் சொல்லும் பிக்கப்பில் நான் முதலில் குனிந்து எண்ணுவது பட்டையைத்தான். காலியாக மேலேறும்போதும் இதே பட்டை தொல்லை கொடுக்கும். மழை நாளில் பின்சக்கரம் குதித்து ரோட்டைவிட்டு எழும்பும், கொண்டையூசி வளைவில் வால் வீசும்.

பட்டை சரியாக இருந்தும் தொங்கினால் பதில் உங்களுக்கே தெரியும். ஆர்.சி.யில் மொத்த எடை, காலி எடை என்று இரண்டு எண்கள் இருக்கும். மொத்த எடை 3,000 கிலோ, காலி எடை 1,700 என்று வைத்துக்கொண்டால், 1,300 கிலோ உங்களுக்கு. அதில் டிரைவர், உதவியாள், ஸ்டெப்னியைத் தவிர்த்த சாமான், தார்ப்பாய் எல்லாம் அடக்கம். காலி வண்டியை ஒருமுறை எடை மேடையில் ஏற்றிப் பாருங்கள். பழைய சொந்தக்காரர் வெல்டிங் வைத்த கம்பியும் தகடும் சேர்ந்து ஆர்.சி.யைவிட நூறு, நூற்றைம்பது கிலோ கூடவே காட்டும். அந்த எடை மொத்தமும் உங்கள் வாடகையில் கழியும் மூட்டைகள். எந்தக் கடையில் எதை மாட்டினாலும் ஆர்.சி.யில் உள்ள மொத்த எடை ஒரு கிலோகூட ஏறாது. அதைத் தாண்டினால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 194-ஆவது பிரிவில் அபராதம் 20,000 ரூபாயில் ஆரம்பிக்கிறது, கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் இன்னும் 2,000. அதிகப்படி சரக்கை இறக்கிவைக்கும் செலவும் உங்களுடையதே.

சரி, அந்த “எஃப்.சி.யை அவர்கள் ஆளே பார்த்துக்கொள்வார்” என்ற வார்த்தைக்கு வருவோம். உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் பயம் கொடுத்த வரி அதுதான். நடப்பது இப்படி: எஃப்.சி.க்கு முதல்நாள் கார்டையும் லைட்டையும் கழற்றுவார்கள், மறுநாள் காலை வண்டியைக் காட்டுவார்கள், மாலையில் திரும்ப மாட்டுவார்கள். கழற்ற ஒரு கூலி, மாட்ட ஒரு கூலி, நடுவில் ‘உள்ளே கொடுக்க’ என்று ஒரு தொகை. அந்தத் தொகை யாருக்குப் போகிறது என்று உங்களுக்கு ரசீது வராது. எஃப்.சி. ஆனதால் வண்டி சட்டப்படி சரியாகிவிட்டது என்று நீங்கள் நம்புவீர்கள். அடுத்த மாதம் சோதனைச் சாவடியில் பிடித்தால் அந்த ஆள் போனை எடுக்க மாட்டார். அனுமதியில்லாத மாற்றத்துக்கு உரிமையாளர்மேல்தான் வழக்கு. 182ஏ பிரிவில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய், அல்லது ஆறு மாதம்வரை சிறை. வாசலில் நிற்கும் தரகர் பெயர் அதில் எங்கேயும் வராது.

நம் முறையைப் பார்த்தால் எரிச்சல்தான் வருகிறது. மாட்டக் கூடாது என்று சட்டம் சொல்லும் கம்பியை நெடுஞ்சாலை ஓரக் கடையில் தோரணமாகத் தொங்கவிட்டு விற்கலாம், அதை வாங்கி மாட்டியவன் மட்டும் குற்றவாளி. எஃப்.சி. நாளில் பெயிண்டும் ஸ்டிக்கரும் ஒழுங்காக இருக்கிறதா என்று பார்க்கும் அக்கறையில் பாதியை பிரேக்கில் காட்டினால் எத்தனையோ பேர் வீடு திரும்பியிருப்பார்கள். கருவி வைத்துத் தானியங்கியாகச் சோதிக்கும் நிலையம் கனரகச் சரக்கு வண்டிகளுக்கு 2023 ஏப்ரலிலிருந்து கட்டாயம் என்று அறிவித்தார்கள், பிறகு அதை 2024 அக்டோபருக்குத் தள்ளினார்கள். பிரேக்கின் பலத்தை எந்திரம் அளந்து காகிதத்தில் போட்டுவிட்டால் தரகருக்கு அங்கே என்ன வேலை? எட்டு வருடம்வரை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை எஃப்.சி. உங்கள் வண்டிக்கு அடுத்தது நான்காம் வருடம். நேரில் நீங்களே போங்கள். மறைக்க எதுவும் இல்லாத வண்டிக்கு ஆள் தேவையில்லை.

பெரிய டயர் வேண்டாம். ஸ்பீடோமீட்டர் தப்பாகக் காட்டும், மேடு ஏற கியர் இழுக்காது. டயரின் பக்கவாட்டில் சைஸுக்குப் பின்னால் வரும் எண்ணைப் பாருங்கள்: 100 என்றால் ஒரு டயர் 800 கிலோ தாங்கும், 104 என்றால் 900. கம்பெனி சொன்ன சைஸில், கம்பெனி சொன்ன எண்ணுக்குக் குறையாமல் வாங்கினால் போதும்.

முன்கார்டு எதற்கு என்றால் காட்டுமாடு குறுக்கே வரும் என்று உங்களைப் போன்றவர்கள் சொல்வார்கள். வளர்ந்த ஆண் காட்டுமாடு ஆயிரம் கிலோவைத் தொடும். இரும்புக் குழாய் அதை நிறுத்தாது. அடியை நேராகச் சேஸிஸுக்குக் கடத்தும், குறுக்கே வருவது மனிதராக இருந்தால் அவருக்குத் தப்பிக்க வழி இருக்காது. 2017 டிசம்பரிலேயே மத்தியப் போக்குவரத்து அமைச்சகம் இவற்றின்மேல் நடவடிக்கை எடுக்கச் சொல்லி மாநிலங்களுக்கு எழுதிவிட்டது. எல்.இ.டி. பாரும் அப்படித்தான். மலைப் பனிமூட்டத்தில் உயரத்திலிருந்து அடிக்கும் வெள்ளை வெளிச்சம் உங்கள் கண்ணுக்கே திரும்ப வரும், எதிரே வருபவருக்கும் கண் தெரியாது. தாழ்வாக, அகலமாக அடிக்கும் பனிவிளக்கு இரண்டு போதும். அதற்கும் ரிலே, ஃபியூஸ் வைத்து வயர் இழுக்கச் சொல்லுங்கள். ஹெட்லைட் வயரைச் சீவி முறுக்கி இன்சுலேஷன் டேப் சுற்றும் ஆளிடம் வண்டியைக் கொடுக்காதீர்கள், தீப்பிடித்த கேபின்களில் பலவற்றின் கதை அங்கே ஆரம்பிக்கிறது. கேபின்மேல் கேரியர் வேண்டாம். அங்கே சரக்குக்குமுன் ஆள் ஏறி உட்கார்ந்துவிடுவார்.

தளத்துக்குச் செக்கர் பிளேட்டா? எட்டடிக்கு ஐந்தரையடித் தளத்தில் மூன்று மில்லி இரும்புத் தகடு போட்டால் கிட்டத்தட்ட நூறு கிலோ. காய்கறி ஏற்றும் வண்டிக்கு அது எதற்கு? மூட்டையிலிருந்து வடியும் தண்ணீர் இரண்டு தகட்டுக்கு நடுவில் நின்று, கண்ணுக்குத் தெரியாமல் அடித்தளத்தை அரிக்கும். ஆறு மில்லி ரப்பர் விரிப்பு முப்பது கிலோ சொச்சத்தில் முடியும். வாரம் ஒருமுறை அதைத் தூக்கிக் கழுவி, தளத்தைக் காயவிட்டு விரித்தால் போதும். எந்தக் காரணத்துக்காக வெல்டிங் வைத்தாலும் முதலில் பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றச் சொல்லுங்கள். இப்போதைய வண்டியில் எஞ்சினைக் கட்டுப்படுத்தும் மின்னணுப் பெட்டி (இ.சி.எம்.) போனால் செலவு பல ஆயிரங்களில் வரும்.

இனி எடுத்து வைத்த பணம். முதல் செலவு பிரேக் ஆயிலை மாற்றுவது. அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும், ஈரம் ஏறிய ஆயில் மலை இறக்கச் சூட்டில் கொதித்து ஆவியாகும், பெடல் காலியாகும். முந்தைய சொந்தக்காரர் மாற்றியிருப்பார் என்று நம்பாதீர்கள். டிரம், லைனிங், பிரேக் ஹோஸ்கள் எல்லாவற்றையும் அதே நாளில் பார்த்துவிடுங்கள். டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் இறங்கும் பழக்கம் உங்களுக்கோ டிரைவருக்கோ இருந்தால் இன்றே நிறுத்துங்கள். கியரில் இறங்கும்போது இப்போதைய டீசல் எஞ்சின் தானாகவே டீசலை வெட்டிவிடும், நியூட்ரலில்தான் செலவாகும்.

அப்புறம் கட்டும் சாமான். நைலான் கயிறு நனைந்தால் நீளும், மலை மழையில் மூட்டை ஆட ஆரம்பிப்பது அதனால்தான். கைப்பிடியை ஆட்டி இறுக்கும் ராட்செட் பெல்ட் நான்கு வாங்குங்கள். அதன் லேபிளில் எழுதியிருக்கும் தாங்கும் அளவைப் படியுங்கள். லேபிளே இல்லாத பெல்ட் மலிவாகக் கிடைக்கும், வேண்டாம். பெல்ட் தகட்டு விளிம்பில் உரசும் இடத்தில் பழைய டியூப் துண்டு ஒன்றை மடித்து வையுங்கள். ஏற்றி நாலைந்து கிலோமீட்டர் வந்ததும் நிறுத்தி ஒருமுறை இறுக்க வேண்டும், காய்கறி மூட்டை அமுங்கி இடம் விட்டிருக்கும். தார்ப்பாயை மூடும்போது பின்விளக்கும் சிவப்பு ரிஃப்ளெக்டர் டேப்பும் மறைகின்றனவா என்று பின்னால் போய் நின்று பாருங்கள். டேப்பில் ஏ.ஐ.எஸ். 090 என்ற தர முத்திரை இருக்க வேண்டும். முன்னால் வெள்ளை, பக்கத்தில் மஞ்சள், பின்னால் சிவப்பு. ஆர்.டி.ஓ. அலுவலக வாசலில் அவசரத்துக்கு விற்பதை வாங்கினால் முத்திரையையும் பில்லையும் கேளுங்கள். இரண்டு மரக்கட்டைகளைக் கேபினிலேயே வைத்துக்கொள்ளுங்கள், வண்டி நின்றால் டயருக்குக் கொடுக்க. கல்லை வைத்துவிட்டு அப்படியே ரோட்டில் விட்டுப்போகும் வழக்கத்தால் இரவில் பைக்கில் வருபவர்கள் விழுகிறார்கள்.

மீதிப் பணத்தில் ஒரு பகுதி காப்பீட்டுக்கு. ஆர்.சி.யோடு பாலிசியும் உங்கள் பெயருக்கு மாறியிருக்கிறதா என்று பாருங்கள். பிறகு அதில் ‘ஐ.எம்.டி. 23’ என்ற சேர்ப்பு இருக்கிறதா என்று தேடுங்கள். சரக்கு வண்டியின் பம்பர், விளக்கு, மட்கார்டு, பானட்டின் பக்கப் பகுதி, பெயிண்ட் ஆகியவற்றின் பகுதிச் சேதத்துக்கு இது இல்லாவிட்டால் பணம் வராது. சிறு மோதலில் அடிபடுவது பெரும்பாலும் இவைதான். பிரீமியத்தைக் குறைத்துக் காட்டி வாடிக்கையாளரைப் பிடிப்பதற்காக ஏஜென்டுகள் முதலில் வெட்டுவது இதைத்தான், கேட்காவிட்டால் சொல்லவும் மாட்டார்கள். புதுப்பிக்கும் நாளுக்கு ஒரு வாரம் முன்பே போன் போட்டு, இந்த எண்ணைச் சொல்லி, சேர்த்த பிறகு என்ன தொகை என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பனிவிளக்கு போட்டால் அதன் பில்லையும் அப்போதே கொடுத்துப் பாலிசியில் எழுத வையுங்கள்.