வீடியோவை விட்டுவிட்டுப் போகிறார்களா?

கேள்வி: இளங்கலை இயற்பியல் மாணவர்களுக்காக ஒரு மணி நேர வகுப்புகளைப் பதிவுசெய்து மூடுல் (Moodle) என்ற இணையவழிக் கற்றல் தளத்தில் ஏற்றினேன். பலர் பாதியிலேயே விட்டுவிடுகிறார்கள். என்ன செய்யலாம்?
- விரிவுரையாளர், திண்டுக்கல்

பதில்: வீடியோவைச் சிறு சிறு துண்டுகளாக வெட்டுங்கள், அது எளிது. கடினமான வேலை, துண்டுகளுக்கு இடையே கேள்விகளை அமைப்பதுதான். எடுத்துக்காட்டாக, தொடரிணைப்பில் ஒரே மாதிரியான இரண்டு பல்புகள். எது பிரகாசமாக எரியும்? மாணவர் விடையைத் தேர்ந்தெடுத்த பிறகே அடுத்த பக்கம் திறக்கட்டும். முதல் பல்பு மின்னோட்டத்தைக் கொஞ்சம் தின்றுவிடும் என்று எண்ணி அதையே சொல்பவர்கள் இருப்பார்கள். அவர்களுக்குச் சிவப்பில் 'தவறு' என்று மட்டும் காட்டுவது எனக்கு அறவே பிடிக்காது. அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தின் ஃபெட் (PhET) என்ற இணையதளத்தில் மின்சுற்றுப் பயிற்சியைத் திறந்து, பல்புக்கு முன்னும் பின்னும் மின்னோட்டத்தை அளக்கும் அம்மீட்டரை வைக்கச் சொல்லுங்கள். இரண்டிலும் ஒரே அளவு காட்டும். நோபல் பரிசு பெற்ற கார்ல் வைமன் 2002-இல் தொடங்கிய திட்டம் அது, இலவசம்.

மூடுல் வினாக்களில் ஒவ்வொரு தவறான விடைக்கும் தனிக் குறிப்பு எழுத இடம் உண்டு. அதைக் காலியாக விடாதீர்கள். முடித்ததும் செல்பேசியில் நீங்களே ஒருமுறை செய்து பாருங்கள். மாணவர்கள் பலர் அதில்தான் படிப்பார்கள்.