காட்டுப் பாதுகாப்பு வேலையில் இருப்பவர்களுக்கு நடத்தும் தலைமைப் புத்துணர்வு முகாம்களால் உண்மையில் பயன் உண்டா?

பின்னால் வந்து படிப்பவர்களுக்காகக் கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கேட்டவர் கூடலூர் பக்கம் ஒரு சின்ன அமைப்பு நடத்துகிறார், யானை ஊருக்குள் வரும்போது மக்களை எச்சரிப்பது, வனத்துறைக்கும் ஊருக்கும் நடுவே நிற்பது அவர்கள் வேலை. கோத்தகிரியில் ஐந்து நாள் முகாம், வகுப்பு எதுவும் கிடையாது, ஓய்வும் பேச்சும்தான் என்று அழைப்பு வந்திருக்கிறது. ஆட்களைக் களத்தில் விட்டுவிட்டு நான் மட்டும் போய் மலையில் உட்கார்ந்திருப்பது சரியா, அதனால் என்ன ஆகப்போகிறது என்று கேட்கிறார்.

போங்கள், தயங்காமல் போங்கள். ஆனால் தனியாகப் போகாதீர்கள். ராத்திரி போன் வந்தால் உங்கள் அமைப்பில் முதலில் எழுந்து ஓடுகிற ஆள் யாரோ அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். தலைவர் மட்டும் தெளிந்து திரும்பி வந்து, களத்தில் நிற்பவர் பழையபடி தூக்கமில்லாமல் நின்றால் அந்த முகாம் நடந்ததற்கு அர்த்தமே இல்லை.

நான் கொடைக்கானல் மேல்மலையில் சீகை என்ற அயல்நாட்டு மரத்தை அகற்றி, மலையின் சொந்தக் காடான சோலையின் நாற்றுகளை வளர்த்து நடுகிற குழுவில் இருக்கிறேன். இந்த வேலையின் களைப்பு எப்படிப்பட்டது என்று வெளியில் இருப்பவர்களுக்குச் சொல்லிப் புரியவைப்பது கஷ்டம். 1973-க்கும் 2014-க்கும் நடுவே பழனி மலையின் புல்வெளியில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டது என்று செயற்கைக்கோள் படங்களை வைத்து ஆராய்ச்சியாளர்கள் சொல்லியிருக்கிறார்கள், பெரும்பாலும் சீகையும் கற்பூர மரமும் (யூகலிப்டஸ்) பைனும்தான் அந்த இடத்தைப் பிடித்தன. சீகையை வெட்டினால் வெளிச்சம் பட்டு அடியில் கிடக்கும் விதை முளைக்கும், தீ பட்டால் இன்னும் வேகமாக முளைக்கும், அந்த விதை மண்ணுக்குள் பல பத்தாண்டுகள் உயிரோடு கிடக்கக்கூடியது. போன வருஷம் சுத்தம் செய்த சரிவில் இந்த வருஷம் கன்றுகள் முழங்கால் உயரம் நிற்கும். நமக்கு வருகிற நிதியோ இரண்டு வருஷம், மிஞ்சினால் மூன்று. அந்தக் கெடுவுக்குள் 'இவ்வளவு ஏக்கர் மீட்டோம்' என்று அறிக்கை எழுதியாக வேண்டும். வேலையும் ஓயாது, மனசும் ஓயாது.

உலக சுகாதார நிறுவனம் 2019-ல் இந்த வேலைச் சோர்வைத் தன் நோய் வகைப்பாட்டுப் பட்டியலில் விளக்கியபோது அதை நோய் என்று சொல்லவில்லை, சரியாகக் கையாளப்படாத நீண்டகால வேலை அழுத்தத்தால் வரும் நிலை என்றது. மூன்று அறிகுறி சொன்னார்கள்: உடம்பில் தெம்பே இல்லாமல் போவது, செய்கிற வேலையிலிருந்து மனசு விலகி வெறுப்பாவது, என்ன செய்தாலும் பிரயோஜனம் இல்லை என்று தோன்றுவது. இரண்டாவதுதான் நம் துறையில் ஆபத்து. காட்டை நேசித்து வந்த ஆள் ஊர்க்காரர்களைப் பார்த்தாலே எரிந்து விழ ஆரம்பிப்பார், அப்புறம் ஊரும் அவரை நம்பாது. காரணம் வேலையில் இருக்கிறது என்றால் மருந்தும் வேலையை மாற்றுவதில்தான் இருக்க வேண்டும். ஐந்து நாள் ஓய்வு அதற்கு ஆரம்பம் மட்டுமே.

2021 ஜனவரியில் மசினகுடி பக்கம் விடுதி ஒன்றில் எரியும் பொருளை வீசியதில் காது கருகி, தெப்பக்காடு முகாமுக்குக் கொண்டுபோகும் வழியிலேயே செத்துப்போன யானையை எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். லாரியில் கிடந்த அதன் தும்பிக்கையைத் தடவி ஒரு வனப் பணியாளர் அழுத வீடியோவை நாடே பகிர்ந்தது. அதே வருஷம் அக்டோபரில் டி23 என்று வனத்துறை எண் கொடுத்திருந்த புலியை உயிரோடு பிடிக்க கூடலூர், மசினகுடி காட்டில் மூன்று வாரம் ராத்திரி பகலாக மழையில் அலைந்ததும் இதே பணியாளர்கள்தான். அவர்கள் எப்போது தூங்கினார்கள், யாரிடம் மனசு விட்டுப் பேசினார்கள் என்று யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. யானை மிதித்து ஒருவர் இறந்த வீட்டு வாசலுக்கு முதலில் போய் நின்று அடியும் ஏச்சும் வாங்குகிறவர், மறுநாள் காலை அதே யானையின் தடம் பார்க்கப் போகிறார். உங்களுக்கு நான் இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

சரி, முகாமில் என்னதான் நடக்கும்? நல்ல முகாமாக இருந்தால் முதல் நாள் ஒன்றும் நடக்காது. சாப்பாடு, தூக்கம், அவ்வளவுதான். போனை ஒரு பெட்டியில் வாங்கி வைத்துக்கொண்டு, அவசரம் என்றால் வீட்டுக்காரர்களும் ஆபீசும் கூப்பிட ஒரு பொது எண் கொடுப்பார்கள். பலருக்கு முதல் நாள் அந்தத் தூக்கமே அதிர்ச்சியாக இருக்கும்.

நான் போன முகாமில் இரண்டாம் நாள் காலை கோத்தகிரி பக்கத்து லாங்வுட் சோலைக்குள் கூட்டிப்போனார்கள். நூற்றுப் பதினாறு ஹெக்டேர்தான், சுற்றிலும் தேயிலையும் வீடுகளும், ஆனால் அக்கம்பக்கத்துக் கிராமங்களுக்குத் தண்ணீர் அங்கிருந்துதான், 2024-ல் உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலிலும் வந்துவிட்டது. உள்ளே போகும்முன் ஒரே ஒரு விதி சொன்னார்கள்: நோட்டு, பைனாகுலர் வேண்டாம், எதற்கும் பெயர் சொல்லாதீர்கள், எண்ணாதீர்கள். கேட்க எளிது. எங்களோடு வந்த பறவை ஆய்வாளர் ஒருவரின் கை பத்தடிக்கு ஒரு தரம் சட்டைப் பைக்குப் போய்த் திரும்பியது. தலைக்கு மேலே கருமந்தி ஒன்று கிளை தாவியதும் அவர் உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. வெகுநேரம் கழித்துப் பாசி படிந்த வேர் ஒன்றின் மேல் உட்கார்ந்து, இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு சும்மா பார்த்துக்கொண்டிருந்தார்.

மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் ரேச்சல் கப்ளான், ஸ்டீபன் கப்ளான் தம்பதி 1980-களிலேயே இதை விளக்கியிருக்கிறார்கள். வலிய ஒன்றின் மேல் கவனத்தை நிறுத்திக்கொண்டே இருந்தால் அந்தச் சக்தி தீர்ந்துபோகும், இயற்கையில் கவனம் தானாகப் போய் நிற்கும்போது அது மெல்லத் திரும்பும் என்பது அவர்கள் கருத்து. ஆனால் நமக்குக் காடுதான் ஆபீஸ். காட்டுக்குள் போனதும் கண் தானாகவே களைச்செடியையும் வேட்டைக்காரர் வைக்கும் கம்பிச்சுருக்கையும் தேடும். அதனால்தான் அந்த விதி தேவைப்படுகிறது, அதனால்தான் சொந்த மலையை விட்டு வேறு மலைக்குப் போவதும் நல்லது. கூடலூர்க்காரர் கோத்தகிரிக்குப் போவது பரவாயில்லை, கொடைக்கானலுக்கு வந்தால் இன்னும் நல்லது.

மாலையில் வட்டமாக உட்கார்ந்து பேசுவது இருக்கும். ஒருவர் பேசும்போது மற்றவர்கள் குறுக்கே பேசவோ யோசனை சொல்லவோ கூடாது. மசினகுடியை அடுத்த சீகூர் பக்கத்திலிருந்து வந்த வேட்டைத் தடுப்புக் காவலர் ஒருவர் முதல் நாள் வாயே திறக்கவில்லை. அடுத்த நாள் எதிரில் இருந்த அமைப்புத் தலைவரைப் பார்த்துச் சொன்னார்: "சார், நாய் குரைச்சா எந்திரிச்சிருவேன். தூக்கத்துலயும் டார்ச் எங்கன்னு தேடுறேனாம், ஊட்ல சொல்றாங்க." அவ்வளவுதான் சொன்னார். அந்தத் தலைவர் அவரோடு பல வருஷம் வேலை செய்தவர், அவர் தரும் தகவலை வைத்துத்தான் அறிக்கை எழுதுகிறவர். பதில் சொல்ல வாயெடுத்து, விதி ஞாபகம் வந்து நிறுத்திக்கொண்டார். முகாமில் எனக்கு மிக முக்கியமாகப் பட்டது அந்த நிறுத்தம்தான். உடனே தீர்வு சொல்லிப் பழகிய நம்மைப் போன்றவர்களுக்கு, கேட்டுவிட்டுச் சும்மா இருப்பதுதான் தலைமையில் நாம் கற்றுக்கொள்ளாத பாடம்.

கடைசி இரண்டு நாள் வேலையைப் பற்றிய பேச்சு, ஆனால் திட்டம், இலக்கு என்று இல்லை. யார் இல்லாவிட்டால் எது நின்றுபோகும் என்று ஒவ்வொரு அமைப்பும் ஒரு தாளில் எழுதியது. பெரும்பாலான தாளில் ஒரே பெயர்தான் திரும்பத் திரும்ப வந்தது. அந்தச் சீகூர்க்காரர் வந்த குழு ஊருக்குத் திரும்பியதும் ராத்திரி போனை முறை வைத்து மாற்றிக்கொள்ள ஆரம்பித்தது, ஒரு உயிரிழப்பு நடந்த இடத்துக்குப் போய்வந்தவருக்கு மறுநாள் கட்டாய விடுப்பு, அடுத்த நிதி விண்ணப்பத்தில் அந்த விடுப்புக்கும் மாற்று ஆளுக்கும் தனியாக ஒரு வரி. எங்கள் நர்சரியிலும் இதையே செய்தோம். பையில் மண் நிரப்புகிற அக்காக்கள்தான் நாற்றுப் பதிவேட்டையும் இப்போது பார்த்துக்கொள்கிறார்கள், நான் இல்லாத நாளில் எதுவும் நிற்பதில்லை.

அழைத்தவர்களிடம் சில விஷயங்களைக் கேட்டுவிடுங்கள். பேச்சு தமிழில் நடக்குமா? ஆங்கிலத்தில் நடந்தால் உங்கள் களப்பணியாளர் மூலையில் உட்கார்ந்து சிரித்துவிட்டு வருவார். தினக்கூலிக்காரருக்கு ஐந்து நாள் ஓய்வு என்றால் ஐந்து நாள் கூலி போச்சு, அதை யார் தருவார்கள்? சின்னக் குழந்தை இருக்கும் பெண் குழந்தையோடு வரலாமா? இன்னொன்று, இடம். சீகூர் யானை வழித்தடத்தில் இருந்த விடுதிகள் பற்றிய வழக்கில் 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றமே வழித்தடத்தின் பக்கம் நின்று தீர்ப்புச் சொல்லிவிட்டது, காட்டைக் காப்பவர்களுக்கான ஓய்வை யானை போகும் பாதையில் கட்டிய கட்டடத்தில் வைத்தால் அதற்கு நாம் போகவே கூடாது. இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

வாரக்கணக்கில் தூக்கம் இல்லை, உயிரோடு இருக்கவே பிடிக்கவில்லை என்கிற நிலை உங்களுக்கோ குழுவில் யாருக்கோ இருந்தால் முகாமுக்காகக் காத்திருக்காதீர்கள். அது டாக்டரைப் பார்க்க வேண்டிய விஷயம். 14416 என்ற டெலி-மனாஸ் எண்ணில் (அரசின் மனநல உதவி எண்) எந்த நேரமும் தமிழிலேயே இலவசமாகப் பேசலாம்.

எப்போது போவது என்றும் கேட்டிருந்தீர்கள். பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை தீக்காலம், யாரும் அசைய முடியாது. அதன்பின் பலா பழுக்கும் நேரம், உங்கள் பக்கம் யானை வாசல்வரை வரும். எங்களுக்கு ஜூன், ஜூலை நடவு. ஜனவரி முதல் பாதி ஓரளவு எல்லோருக்கும் ஒத்துவரும், அழைப்பில் வேறு மாதம் போட்டிருந்தால் மாற்றச் சொல்லிக் கேளுங்கள். அதற்கு முன்னால் உங்களோடு வரப்போகிறவரின் கூலியைப் பற்றி எழுதிக் கேளுங்கள், என்ன பதில் வருகிறது என்று இங்கேயே சொன்னால் மேற்கொண்டு பேசலாம்.