கூலிக்குப் போனவர்கள்தானே?

வணக்கம். இரண்டாம் உலகப் போர்க்கால நார்வே வணிகக் கப்பல்கள் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். நான் பதினெட்டு வருடம் சரக்குக் கப்பலில் எஞ்சின் அறையில் வேலை பார்த்தவன். ஒரு விஷயம் நெருடுகிறது. இவர்கள் சிப்பாய்கள் இல்லை, சம்பளத்துக்குப் போனவர்கள். ஆபத்தான கடல்பகுதிக்குப் போனால் எங்களுக்கே தனிப்படி உண்டு. அவர்களுக்கும் கொடுத்திருப்பார்கள். கூலி வாங்கிக்கொண்டு போனவர்களைத் தியாகிகள் போல எழுதுவது சரியா? இன்னொன்று, நார்வேக்குள்ளேயே மாட்டிக்கொண்ட கப்பல்கள் என்ன ஆயின?

செ., தூத்துக்குடி

அன்புள்ள செ.,

வணக்கம். உங்கள் இரண்டாவது கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அதை நான் எழுதாமல் விட்டது குறைதான்.

1940 ஏப்ரல் 9 அன்று ஜெர்மன் படை நார்வேயில் இறங்கியபோது, வெளிக்கடலில் இருந்த பெரிய கப்பல்கள் தப்பின. உள்நாட்டில் ஓடிக்கொண்டிருந்தவை தப்பவில்லை. அந்த நாட்டின் மேற்குக் கரை முழுக்க மலையும், மலைக்குள் நுழைந்த கடலும். வடக்கே ஊருக்கு ஊர் போக அன்றைக்குக் கப்பல்தான் பஸ். போர் என்று அதை நிறுத்த முடியாது. பிரசவத்துக்குப் போகிறவர், சந்தைக்குப் போகிறவர் எல்லோரும் அதில்தான் ஏற வேண்டும். ஜெர்மானியர்களும் அந்தக் கடல்வழியைத்தான் பயன்படுத்தினார்கள். அதனால் பிரிட்டிஷ் விமானங்களும் நீர்மூழ்கிகளும் அங்கேயே குறி வைத்தன.

'இர்மா' என்ற பயணிகள் கப்பல் 1944 பிப்ரவரி 13 இரவு நார்வேயின் மேற்குக் கரையை ஒட்டிய ஹுஸ்தாத்விக்கா கடலில் டார்ப்பிடோவால் மூழ்கியது. அறுபதுக்கு மேற்பட்டோர் இறந்தார்கள். சுட்டவை பிரிட்டனின் ஷெட்லாந்து தீவிலிருந்து வந்த இரண்டு டார்ப்பிடோப் படகுகள். அவற்றை ஓட்டியவர்கள் நார்வேக்காரர்கள். எதிரிக் கப்பல் என்று நினைத்துத் தங்கள் ஊர் ஜனங்களையே மூழ்கடித்துவிட்டார்கள். அதே ஆண்டு நவம்பர் 27 அன்று 'ரிகெல்' என்ற நார்வே கப்பல் பிரிட்டிஷ் விமானத் தாக்குதலில் எரிந்தது. ஜெர்மானியர்கள் அதில் சோவியத் போர்க்கைதிகளை ஆடுமாடு போல அடைத்து ஏற்றியிருந்தார்கள். செத்தவர்கள் 2,500க்கும் மேல். மேலே பறந்தவர்களுக்கு அது தெரியாது.

சரி, கூலிக்கு வருகிறேன்.

வெளிக்கடலில் இருந்த சுமார் 1,000 கப்பல்களுக்கும், நார்வேக்கோ நடுநிலைத் துறைமுகத்துக்கோ திரும்பச் சொல்லி ஜெர்மானியர் பிடியிலிருந்த ஆஸ்லோவிலிருந்து ரேடியோ கட்டளை வந்தது. கப்பல்கள் அதைக் கேட்காமல் நேச நாட்டுத் துறைமுகங்களுக்குப் போயின. ஜெர்மானியருக்குப் பணியாத நார்வே அரசு அவற்றைக் கையகப்படுத்தி, லண்டனில் 'நோர்த்ராஷிப்' என்ற ஒரே நிறுவனத்தின் கீழ் கொண்டுவந்தது. அன்று உலகத்திலேயே பெரிய கப்பல் நிறுவனம் அதுதான். அதன் பிறகு ஒரு மாலுமி "எனக்கு வேண்டாம், வீட்டுக்குப் போகிறேன்" என்று சொல்ல முடியாது. போக வீடும் இல்லை. மனைவியிடமிருந்து செஞ்சிலுவைச் சங்கம் வழியாக இருபத்தைந்து வார்த்தைக்குள் ஒரு செய்தி வரும். அதுவும் மாதக்கணக்கில் கழித்து.

எஞ்சின் அறை என்று எழுதியிருக்கிறீர்கள். உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. டார்ப்பிடோ தண்ணீர் மட்டத்துக்குக் கீழே வருகிறது. அங்கே நிற்பவர்கள் யார்? இரும்புத் தாது ஏற்றிய கப்பல் என்றால் ஓரிரு நிமிடத்தில் கல் மாதிரி உள்ளே போய்விடும். ஏணியின் பாதி தூரம்கூட ஏற முடியாது. அதனால் தாதுக் கப்பலில் கடுங்குளிரிலும் மேல்தளத்தில் லைஃப் ஜாக்கெட்டோடு படுத்தவர்கள் உண்டு. மரம் ஏற்றியிருந்தால் கொஞ்சம் நிம்மதி, ஓட்டை விழுந்தாலும் மிதக்கும். பெட்ரோல் ஏற்றியிருந்தால் எங்கே படுத்தாலும் ஒன்றுதான். நார்வேயிடம் இருந்ததோ உலக டேங்கர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு. சரக்கு என்ன என்று கேட்டுவிட்டுப் படுக்கும் இடத்தை முடிவு செய்கிற வாழ்க்கை, ஐந்து வருடம். போர் முடிவதற்குள் சுமார் 500 கப்பல்கள் போயின, 3,000க்கு மேல் மாலுமிகளும்.

இதற்குப் படி உண்டா? உண்டு. தொடக்கத்தில் நார்வே மாலுமிகளின் போர்ப்படி பிரிட்டிஷ் மாலுமிகளுடையதைவிட அதிகம். பக்கத்துக் கப்பல்காரன் அதிகம் வாங்குவதைப் பார்த்துத் தங்கள் ஆட்களும் கேட்பார்கள் என்று பிரிட்டன் பயந்தது. நார்வே தரப்பு படியைக் குறைக்கச் சம்மதித்தது. குறைத்த பணத்தைத் தனிக் கணக்கில் போட்டு வைத்தார்கள். பிரிட்டிஷ் மாலுமிகளுக்குத் தெரியக்கூடாது என்று அந்தக் கணக்கை ரகசியமாக வைத்தார்கள். போர் முடிந்தபோது அதில் 4 கோடி குரோனருக்கு (நார்வே நாணயம்) மேல் சேர்ந்திருந்தது.

மாலுமிகள் நினைத்தது எளிமையானது: எங்கள் கூலியில் பிடித்தது, எங்களிடம் கொடுங்கள். அரசும் அவர்களுடைய தொழிற்சங்கத் தலைமையும் வேறு மாதிரி நினைத்தன. நலிந்தவர்களுக்கும் விதவைகளுக்கும் உதவும் நிதியாக அது இருக்கட்டும் என்றார்கள். நல்ல நோக்கம்தான். ஆனால் ஒருவர் கூலியை அவரைக் கேட்காமல் எடுத்து தர்மம் செய்வதை நான் ஏற்க மாட்டேன். மாலுமிகள் வழக்குப் போட்டார்கள். 1954இல் உச்ச நீதிமன்றத்தில் தோற்றார்கள். அதற்குள் பலர் உடைந்திருந்தார்கள். இரவில் ஒரு கதவு அடித்தால் எழுந்து ஓடுகிறவர்கள், குடியில் விழுந்தவர்கள், கரையில் எந்த வேலையிலும் நிலைக்காதவர்கள். அவர்களுடைய நோய்க்கு டாக்டர்கள் பெயர் வைக்கவே வருடங்கள் ஆயின.

1972இல் நாடாளுமன்றம் ஒருவழியாகப் பணம் ஒதுக்கியது. கடலில் இருந்த ஒவ்வொரு மாதத்துக்கும் 180 குரோனர். ஐந்து வருடம் முழுக்க ஓடியவருக்கு 10,800. போர் முடிந்து இருபத்தேழு வருடம் ஆகியிருந்தது. அதனால் நிறைய வீடுகளில் அதை வாங்கியவர் மாலுமியின் மனைவி.

ஆகவே செ., அவர்கள் கூலிக்குப் போனவர்கள் என்பது உண்மை. நான் தியாகி என்ற சொல்லைப் போடவில்லை, போடவும் மாட்டேன். அந்த மாலுமிகள் வழக்குப் போட்டது தங்களைத் தியாகி என்று அழைக்கச் சொல்லி இல்லையே. 2013இல் நார்வே அரசு அவர்களை நடத்திய விதத்துக்காக அதிகாரபூர்வமாக மன்னிப்புக் கேட்டது. 1940இல் பதினாறு வயதில் கப்பலேறிய பையனுக்கு அன்று எண்பத்தொன்பது வயது.

அன்புடன்.