புது மேனுஃபாக்சர்டு வீடு: டீலரிடம் விலை பேசுவது எப்படி? (கேள்வி பதில்)

அமெரிக்காவில் தொழிற்சாலையில் கட்டி, இரும்புச் சட்டத்தோடு லாரியில் இழுத்துவந்து நிலத்தில் நிறுத்தும் வீட்டைத்தான் மேனுஃபாக்சர்டு ஹோம் என்கிறோம். 1976 ஜூன் 15 முதல் இவை மத்திய அரசின் வீட்டுவசதித் துறையான ஹட் (HUD) போட்ட விதிப்படி கட்டப்படுகின்றன. புது வீட்டை டீலரிடம் விலை பேசுவது பற்றிய கேள்விகளுக்கு மட்டும் இங்கே பதில்.

மீனாட்சி, சான் ஆன்டோனியோ: 28க்கு 60 அடி டபுள் வைடு (இரண்டு பாதியாக வந்து இணைக்கும் வீடு), 129,900 டாலர் என்று போர்டு வைத்திருக்கிறார்கள். எவ்வளவு குறைத்துக் கேட்கலாம் அண்ணா?

குறைத்துக் கேட்கும் முன், அந்த 129,900 எதற்கெல்லாம் என்று கேளுங்கள். கார் கண்ணாடியில் ஒட்டியிருக்கும் விலைச்சீட்டு போல ஒன்று இந்த வீடுகளுக்குப் பெரும்பாலும் கிடையாது. போர்டில் இருப்பது டீலர் வைத்த விலை. ஒருவர் அதில் ஏசி, ஸ்கர்ட்டிங் (வீட்டின் அடிப்பகுதியைச் சுற்றி மறைக்கும் தடுப்பு), படிக்கட்டு எல்லாவற்றையும் சேர்த்திருப்பார். இன்னொருவர் 118,000 என்பார். வீடு மட்டும்தான் வரும். இரண்டாமவர்தான் மலிவு என்று நம்பி முன்பணம் கட்டுவோர் ஏராளம்.

ஒரு தாளில் இவற்றை வரிசையாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே "உண்டு, இல்லை, எவ்வளவு" என்று நிரப்பித் தரச் சொல்லுங்கள்: தரையை மட்டம் செய்து மேடை போடுவது, அடித்தளமும் கான்கிரீட் பிளாக் தூண்களும், நங்கூரங்களும் பட்டைகளும், வீட்டுக்கு அடியில் விரிக்கும் 6 மில் (அங்குலத்தில் ஆயிரத்தில் ஆறு பங்கு) தடிமன் பிளாஸ்டிக், இரண்டு பாதிகளையும் இணைப்பது, அடியில் இரு பாதிகளுக்கும் போகும் ஏசி டக்ட் இணைப்பு, இணைப்புக் கோட்டில் சுவர், தரை, கூரை பூச்சு வேலை, ஏசி (எத்தனை டன்), ஸ்கர்ட்டிங் (வினைலா வேறா), இரண்டு கதவுக்கும் கைப்பிடியோடு படி, தண்ணீர், கழிவுநீர் இணைப்பு, மீட்டர் கம்பத்திலிருந்து வீட்டுப் பேனலுக்கு 200 ஆம்ப் கேபிள், பெர்மிட் கட்டணம், கடன் கொடுப்பவர் கேட்டால் அடித்தளத்துக்கு இன்ஜினியர் சான்றிதழ். "எல்லாம் சேர்த்துதான்" என்ற வாய்ப்பேச்சைக் கணக்கில் எடுக்காதீர்கள். தாளில் இல்லாதது விலையில் இல்லை.

அளவையும் பாருங்கள். 60 அடி என்று சொல்வதில் லாரியோடு கொக்கி மாட்டும் 4 அடி இரும்பும் சேரும். வீடு 56 அடிதான். 28 அடி அகலம் என்பது பெரும்பாலும் 26 அடி 8 அங்குலம். ஆக 1,680 சதுர அடி என்று நினைப்பது உண்மையில் 1,493. சதுர அடி 77 டாலர் என்று கணக்குச் சொன்னால், நீங்கள் கொடுப்பது 87. எந்த டீலரை ஒப்பிட்டாலும் வரைபடத்தில் இருக்கும் உண்மை அளவை வைத்தே வகுங்கள்.

பிறகுதான் பேரம். அதே தொழிற்சாலையின் அதே மாடலை விற்கும் வேறு இரண்டு டீலர்களைப் பிடித்து, அதே தாளை மின்னஞ்சலில் அனுப்பி, உங்கள் நிலத்தில் குடிபோகத் தயாராக நிற்கும் மொத்த விலையைக் கேளுங்கள். மூன்று தாளும் கையில் இருந்தால் சதவீதம் பேச வேண்டியதே இல்லை. "அவர் ஸ்கர்ட்டிங்கையும் சேர்த்து இந்த விலைக்குத் தருகிறார்" என்ற ஒரு வாக்கியம் போதும்.

குமரன், ராலே: மாதம் 1,080க்குள் வேண்டும் என்று சொன்னேன். அதே தவணையில் பெரிய கிச்சன் ஐலண்டும் போட்டுத் தருகிறேன் என்கிறார் சேல்ஸ்மேன். நல்ல டீலா?

இல்லை. மாதத் தவணையை வாயால் சொன்ன இடத்திலேயே பேரம் உங்கள் கையை விட்டுப் போய்விடும். கணக்கைப் பாருங்கள். 120,000 டாலர், 9 சதவீத வட்டி, 20 வருடம்: தவணை சுமார் 1,080. அதே 1,080ஐ 25 வருடத்துக்கு நீட்டினால் கடன் தொகை 128,650 வரை ஏறலாம். அவருக்கு 8,650 டாலர் கூடுதல் இடம் கிடைத்துவிட்டது. உங்களுக்குத் தவணையில் ஒரு வித்தியாசமும் தெரியாது. ஆனால் மொத்தமாகக் கட்டுவது 259,000க்குப் பதில் 324,000. முதலில் வீட்டின் மொத்த விலையை எழுத்தில் முடியுங்கள். வட்டியும் வருடமும் அதற்குப் பிறகு, தனியாக.

லதா, கேரி: கிழக்குப் பார்த்த வாசல் வேண்டும். செலவாகுமா?

வரைபடத்தைக் கண்ணாடி பிம்பம் போல இடவலமாகத் திருப்பிக் கட்டித்தரப் பல தொழிற்சாலைகள் ஒத்துக்கொள்ளும். ஆர்டருக்கு முன்பே கேளுங்கள், திருப்பிய வரைபடத்தில்தான் கையெழுத்துப் போடுங்கள். வீட்டை எந்தப் பக்கம் பார்த்து நிறுத்துவது என்பது நிலத்தின் அகலமும் லாரி நுழையும் வழியும் சம்பந்தப்பட்டது. அதை நிலத்தைப் பார்க்க வரும் ஆளிடம் முடிவு செய்யுங்கள்.

ரமேஷ், ஹூஸ்டன்: தொழிற்சாலை இன்வாய்ஸைக் காட்டு என்று டீலரிடம் கேட்கலாமா?

கேட்கலாம். காட்ட வேண்டிய கட்டாயம் அவருக்கு இல்லை, பெரும்பாலோர் காட்டமாட்டார்கள். டெக்சாஸில் ஒரு வழி உண்டு. அங்கே புது மேனுஃபாக்சர்டு வீட்டுக்கான விற்பனை வரி, தொழிற்சாலை டீலருக்குப் போட்ட விலையில் 65 சதவீதத்தின் மேல் 5 சதவீதம். அதாவது அந்த விலையில் 3.25 சதவீதம். உங்கள் ஒப்பந்தத்தில் இந்த வரி தனியாக 2,600 டாலர் என்று இருந்தால், தொழிற்சாலை விலை 80,000. லாரிச் செலவு இதில் சேராது. வரியைத் தனியாகப் போட்டிருந்தால்தான் இந்தக் கணக்கு வேலை செய்யும், ஆகவே தனியாகப் போடச் சொல்லுங்கள்.

அந்த எண்ணும் இறுதி உண்மை அல்ல. அதிகம் வாங்கும் டீலருக்குத் தொழிற்சாலை பின்னால் ஒரு தள்ளுபடியைத் திருப்பித் தரும். அது இன்வாய்ஸில் தெரியாது.

செந்தில், டல்சா (டீலர் அலுவலகத்தில் கணக்குப் பார்ப்பவர்): நீங்கள் இப்படி எழுதினால் இன்வாய்ஸுக்கு மேல் உள்ளதெல்லாம் லாபம் என்று படிப்பவர்கள் நினைப்பார்கள். நிறுத்தி வைத்திருக்கும் ஒவ்வொரு மாதிரி வீட்டுக்கும் மாதாமாதம் வட்டி கட்டுகிறோம். சேல்ஸ்மேன் கமிஷன், இட வாடகை, குடிபோன பிறகு கதவு ஒட்டவில்லை, குழாய் சொட்டுகிறது என்று அனுப்பும் ஆட்களின் கூலி எல்லாம் அந்த இடைவெளியிலிருந்துதான்.

ஒத்துக்கொள்கிறேன். வட்டி, கமிஷன், பின்சேவை மூன்றும் நியாயமான செலவு.

அனிதா, ஃபீனிக்ஸ்: ஆனால் எங்களுக்கு வந்த கொட்டேஷனில் செட்டப் (வீட்டை நிலத்தில் நிறுத்தி இணைக்கும் வேலை) 14,000, "டீலர் பிரெப்" 2,500, "டாக்குமென்ட்" 900 என்று தனித்தனியாகவும் இருக்கிறது செந்தில். இடைவெளிக்கும் கொடுத்து, இதற்கும் கொடுக்க வேண்டுமா?

செந்தில்: செட்டப் செய்வது வெளி கான்ட்ராக்டர். அவருக்கு நாங்கள் பணம் கொடுத்தாக வேண்டும். அதை லாபம் என்று சொல்ல முடியாது.

செட்டப்பைத் தனியாகப் போட்டால் அதை இடைவெளியிலிருந்து எடுக்கும் செலவாகக் காட்டக் கூடாது. இரண்டில் ஒன்றுதான் சரி. அனிதா, 14,000ல் மேலே மீனாட்சிக்கு எழுதிய பட்டியலில் எவை அடங்கும் என்று கேளுங்கள். "பிரெப்" என்றால் என்ன வேலை, யார் செய்கிறார்கள் என்று ஒரு வாக்கியம் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுத முடியாத கட்டணத்தை எடுத்துவிடச் சொல்லலாம்.

அனிதா: அப்படியானால் இன்வாய்ஸுக்கு மேல் 5 சதவீதம் என்று பிடிவாதமாக நிற்கலாமா?

நிற்காதீர்கள். இங்கே செந்தில் பக்கம்தான் நான். தொழிற்சாலை தரும் ஒரு வருட வாரண்டி தொழிற்சாலைக் குறைகளுக்கு மட்டும். மட்டம் தவறித் தூண் இறங்கினால், டக்ட் இணைப்பு கழன்றால், அது நிறுத்தியவர் பொறுப்பு. முதல் சில மாதங்களில் வீடு கொஞ்சம் அமர்ந்து கதவுகள் பிடிக்க ஆரம்பிக்கும், திரும்ப மட்டம் பார்க்க ஆள் வர வேண்டும். ஒன்றுமே மிஞ்சாத டீலர் அந்த ஆளை அனுப்ப இழுத்தடிப்பார். கடைசி 2,000 டாலரைப் பிழிவதைவிட, "முதல் வருடத்துக்குள் ஒருமுறை இலவசமாக மட்டம் சரிபார்த்துத் தரப்படும்" என்ற வரியை ஒப்பந்தத்தில் வாங்குவது மேல்.

செந்தில்: இதை ஏற்கிறேன். அந்த வரியைக் கேட்டால் நாங்கள் போட்டுக் கொடுப்போம். யாரும் கேட்பதில்லை.

இது எல்லோரும் குறித்துக்கொள்ள வேண்டியது. அடுத்த கேள்விக்குப் போவோம்.

ஜெயந்தி, டல்லாஸ்: சராசரியாக எத்தனை சதவீதம் குறைப்பார்கள்?

மீனாட்சிக்குச் சொன்ன பதில்.

பாலா, அட்லாண்டா: முழுப் பணமும் ரொக்கமாகத் தந்தால் பெரிய தள்ளுபடி கிடைக்குமா?

எதிர்பார்க்கும் அளவுக்குக் கிடைக்காது. கடனில் வாங்கினாலும் டீலருக்குப் பணம் மொத்தமாகத்தான் வருகிறது. கடன் நிறுவனத்தோடு உறவுள்ள டீலருக்கு நீங்கள் கடன் வாங்குவதே பிடிக்கும். கிளேட்டன் ஹோம்ஸ் குழுமத்துக்கே வேண்டர்பில்ட், 21ஸ்ட் மார்ட்கேஜ் என்ற இரண்டு கடன் நிறுவனங்கள் உண்டு. ரொக்கத்தின் பலன் வேறு: கடன் ஒப்புதலுக்குக் காத்திருக்க வேண்டாம், பணத்தைக் கட்டம் கட்டமாகத் தரலாம். முழுத்தொகையையும் டெலிவரிக்கு முன் கேட்டால் மறுத்து, 10 சதவீதத்தைக் கடைசி வேலை முடியும்வரை நிறுத்திவைக்கப் பேசுங்கள். கடனில் வாங்குபவர்கள் கவனிக்க வேண்டியது: வீட்டை மட்டும் ஈடாக வைக்கும் சாட்டல் கடனுக்கு வட்டி அதிகம். நிலமும் உங்களுடையதாக இருந்தால் இரண்டையும் சேர்த்து மார்ட்கேஜ் கிடைக்குமா என்று வெளி வங்கியில் கேட்டுவிட்டு டீலரிடம் போங்கள்.

விஜி, ஷார்லட்: மாதம் 850ல் முடித்துத் தருவதாகச் சொல்கிறார்...

குமரனுக்கு எழுதியதைப் படியுங்கள். மொத்த விலை என்ன?

சுந்தர், நாக்ஸ்வில்: ஆப்ஷன் பட்டியல் நான்கு பக்கம். எதற்குப் பணம் கொடுக்கலாம்?

சுவருக்குள்ளும் தரைக்கு அடியிலும் போவதைத் தொழிற்சாலையில் வாங்குங்கள். கண்ணுக்குத் தெரிவதைப் பின்னால் நீங்களே மாற்றலாம். 2க்கு 6 அங்குல மரச்சட்டம் வைத்த வெளிச்சுவர், சுவருக்குள் வெப்பத்தடுப்பு ஆர்-11க்குப் பதில் ஆர்-19 அல்லது 21 (எண் கூடினால் தடுப்பும் கூடும்), வெளிச்சுவர் வினைல் சைடிங்குக்கு அடியில் ஓஎஸ்பி (மரச்சீவல்களை ஒட்டிய பலகை), தரைக்குப் பார்ட்டிகிள் போர்டுக்கு (மரத்தூள் பலகை) பதில் ஓஎஸ்பி அல்லது பிளைவுட், ஒவ்வொரு குழாய்க்கும் தனி மூடும் வால்வு: இவை முதலில். பார்ட்டிகிள் போர்டு ஒரு முறை நனைந்தால் ஊறி உதிரும். வாஷிங் மெஷின் அடியில் இது நடந்தால் தரையையே வெட்டி மாற்ற வேண்டியிருக்கும். சுவரைப் பொறுத்தவரை, இணைப்பில் பட்டை அடித்த வினைல் ஒட்டிய ஜிப்சம் பலகையா, பூசித் தேய்த்த டிரைவாலா என்று கேளுங்கள். விலை வித்தியாசம் பெரிது. இங்கே உங்கள் விருப்பம்.

நம் சமையலுக்கு ஒன்று அவசியம். ஸ்டவ் மேலுள்ள ஹூட், கரிவடிகட்டியால் சுற்றிவிடும் வகையாக இல்லாமல் குழாய் வழியே நேரே வெளியே தள்ளுவதாக இருக்க வேண்டும். தினமும் தாளிக்கும் வீட்டுக்கு நிமிடத்துக்கு 400 கன அடி இழுக்கும் ஹூடை ஆர்டரிலேயே கேளுங்கள். கேஸ் ஸ்டவ் என்றால் கேஸ் லைனையும் ஆர்டரிலேயே சேர்க்க வேண்டும். பின்னால் வீட்டுக்கு அடியில் உள்ள உறையைக் கிழித்துத்தான் இழுக்க முடியும். விளக்கு, ஃபேன், திரை, கண்ணாடி அலங்காரம், டீலர் வழியாக ஃபிரிட்ஜ்: வேண்டாம்.

தேவி, கால்வெஸ்டன்: டீலர் இடத்தில் நிற்கும் மாதிரி வீட்டை மலிவாகத் தருகிறார்கள். வாங்கலாமா?

இதில்தான் உண்மையாகவே விலை இறங்கும். நிற்கும் வீட்டுக்கு டீலர் வட்டி கட்டுகிறார். ஒரு வருடம் தாண்டினால் கடன் கொடுத்தவர் அசலிலும் பகுதியைத் திரும்பக் கேட்க ஆரம்பிப்பார். எனவே எத்தனை மாதமாக நிற்கிறது என்று கேளுங்கள். தயங்கினால் வீட்டிலேயே எழுதியிருக்கும் கட்டிய தேதியைப் பாருங்கள்.

ஒவ்வொரு பாதியின் பின்முனையில், வெளிச்சுவரில் சிவப்பு அலுமினிய ஹட் தகடு திருகியிருக்கும். டபுள் வைடு என்றால் இரண்டு தகடு. உள்ளே கிச்சன் அலமாரிக் கதவின் பின்பக்கமோ, மின்பேனல் அருகிலோ, படுக்கையறை அலமாரிக்குள்ளோ ஒட்டிய தாள்தான் டேட்டா பிளேட். அதில் கட்டிய தேதியும் காற்று மண்டலமும் (எவ்வளவு பலமான காற்றைத் தாங்கக் கட்டியது என்ற எண்) கூரை தாங்கும் எடையும் இருக்கும். உங்கள் கவுண்ட்டி 2ஆம் காற்று மண்டலம். 1ஆம் மண்டலத்துக்குக் கட்டிய வீட்டை அங்கே நிறுத்த முடியாது, எவ்வளவு மலிவானாலும் சரி. மண்டலம் பொருந்தினால், இணைப்புக் கோட்டில் கூரைக்கசிவுக் கறை இருக்கிறதா, குளியலறைத் தரை மெத்தென்று அமுங்குகிறதா என்று பாருங்கள். சோபாவும் கட்டிலும் வீட்டோடு வராது. வாரண்டி எந்தத் தேதியிலிருந்து தொடங்கும் என்று எழுதி வாங்குங்கள்.

ஒரு வாசகர், ஓஹையோ: மாடுலர் வீடு நல்லதா?

அது வேறு விதி: மாநில, ஊர்க் கட்டிட விதிப்படி கட்டுவது. இந்தப் பகுதியில் இல்லை.

நித்யா, சான் மார்கோஸ்: முன்பணம் 5,000 கேட்கிறார்கள். கொடுத்தால் விலை உறுதியாகுமா?

முன்பணம் கொடுத்தால் விலை உறுதியாகாது. விலை எழுதிய, டீலர் கையெழுத்திட்ட ஒப்பந்தம் இருந்தால்தான் உறுதி. தொழிற்சாலை விலை ஏறினால் யார் தலையில் என்று ஒரு வரி இருக்க வேண்டும். கடன் மறுக்கப்பட்டால் முன்பணம் முழுதும் எத்தனை நாளில் திரும்பும் என்று இன்னொரு வரி. உங்களுக்கென்று ஆர்டர் போட்ட வீட்டுக்கு முன்பணம் திரும்பாமல் போகலாம்; அதனால் கடன் ஒப்புதல் வந்த பிறகே ஆர்டர் போடச் சொல்லுங்கள்.

கடைசியில் ஒரு தாள் நீட்டுவார்கள், வீட்டை ஏற்றுக்கொண்டேன் என்று. அதில் கையெழுத்து விழுந்ததும் கடன் நிறுவனம் டீலருக்குப் பணத்தை அனுப்பிவிடும். ஏசி ஓடி எல்லா அறையிலும் காற்று வந்து, இணைப்புக் கோட்டுப் பூச்சு காய்ந்து, ஒவ்வொரு கதவும் ஜன்னலும் திறந்து மூடி, எல்லாக் குழாயிலும் வெந்நீர் வந்து, அடியில் புகுந்து பிளாஸ்டிக்கும் பட்டைகளும் இருப்பதைப் பார்த்த பிறகு போடுங்கள். மீதி வேலை இருந்தால் அந்தத் தாளிலேயே பட்டியலாக எழுதி, தேதி போட்டு, டீலர் கையெழுத்தையும் வாங்குங்கள். தொழிற்சாலைக் குறை என்று தெரிந்தால் வீடு முதலில் நிறுவிய நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள் எழுத்தில் புகார் கொடுத்திருக்க வேண்டும். ஹட்டின் தகராறு தீர்க்கும் முறைக்கு அதுதான் கெடு.