இலையின் துவர்ப்பு எண்ணெயில் இறங்குமா? வாசகர் கேள்வி–பதில்

கேள்வி: ரோஸ்மேரி பயிரிடுகிறோம். அதன் இலையை ஊறவைத்தால் எண்ணெய் சீக்கிரம் காறாது என்றார்கள். பச்சை இலையைக் கடலை எண்ணெயில் போட்டு மூடி வைத்தோம். பத்தே நாளில் அடியில் கலங்கல், மேலே புளித்த வாடை. எங்கே தவறு?
– வாசகர், கோத்தகிரி

பதில்: தவறு இலையின் ஈரத்தில் இருக்கிறது. பச்சை இலையின் எடையில் பாதிக்கு மேல் தண்ணீர்தான். அது எண்ணெயின் அடியில் தங்கி நொதிக்கிறது. இதைவிட மோசமான ஆபத்தும் உண்டு. காற்றுப் புகாத எண்ணெய்க்குள் பச்சை இலையோ பூண்டோ கிடந்தால், பொட்டுலிசம் நஞ்சை உண்டாக்கும் பாக்டீரியா வளரலாம். அதை வாடையை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது. அந்தப் பாட்டிலை ருசிகூடப் பார்க்காமல் கொட்டிவிடுங்கள்.

இலையைக் காயவைத்துத்தான் போட வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் கோத்தகிரியில் நிழலில் உலர்த்தினால் இலை பூஞ்சை பிடித்துவிடும்; அப்போது 40–45 டிகிரி செல்சியஸில் டிரையர்தான் வழி. காம்பை வளைத்தால் ‘டக்’கென்று ஒடிய வேண்டும், இலை விரலிடுக்கில் நொறுங்க வேண்டும். மிக்ஸியில் ரவைப் பதத்துக்குப் பொடியுங்கள். மாவாக அரைத்தால் வடிகட்டும் துணி அடைத்துக்கொண்டு எண்ணெய் இறங்காது.

ஒரு லிட்டர் எண்ணெய்க்கு 100 கிராம் பொடி. எவர்சில்வர் பாத்திரத்தில் போட்டு, அதைச் சுடுநீர்ப் பாத்திரத்துக்குள் இறக்கி, எண்ணெயின் சூடு 60–65 டிகிரியைத் தாண்டாமல் 3 மணி நேரம் வையுங்கள். தெர்மாமீட்டர் இல்லாமல் இதில் இறங்க வேண்டாம். சூடு ஏறினால் காப்பாற்ற நினைத்த எண்ணெயே காறத் தொடங்கும். மூடிக்குப் பதில் மெல்லிய துணி போட்டால் மிச்ச ஈரமும் ஆவியாகிவிடும். இரண்டு முறை வடிகட்டுங்கள், ஆனால் துணியைப் பிழியாதீர்கள். பிழிந்தால் பொடி கூடவே வரும். ஒரு ராத்திரி தெளியவிட்டு, மேலெண்ணெயை மட்டும் பழுப்பு நிற பாட்டிலில் கழுத்து வரை நிரப்புங்கள். காலி இடம் இருந்தால் அங்கே காற்று இருக்கும், காற்றில்தான் எண்ணெய் காறுகிறது.

எண்ணெயில் இறங்கி, அது காறாமல் தடுப்பது இலையிலுள்ள கார்னோசிக் அமிலமும் கார்னோசாலும். இலையிலுள்ள இன்னொரு பொருளான ரோஸ்மாரினிக் அமிலம் தண்ணீரில் கரைவது, எண்ணெய்க்குப் பெரும்பாலும் வராது. இந்தச் சாறெண்ணெயில் ஒரு பங்கை ஒன்பது பங்கு புது எண்ணெயில் கலந்து, கலக்காத எண்ணெயை இன்னொரு பாட்டிலில் எடுத்து, இரண்டையும் ஒரே ஜன்னலில் வைத்து வாரம் ஒருமுறை முகர்ந்து பாருங்கள். உங்கள் இலையின் வீரியம் அதில் தெரிந்துவிடும். கடலை, சூரியகாந்தி எண்ணெய்களில் வித்தியாசம் நன்றாகத் தெரியும். தேங்காய் எண்ணெய் இயல்பிலேயே மெதுவாகக் காறுவது, அதற்கு இந்தப் பாடு தேவையில்லை. ஏற்கெனவே காறிய எண்ணெயை எந்தச் சாறும் மீட்காது.

கேள்வி: தைலம் வடித்தபின் மிஞ்சும் ரோஸ்மேரி இலையை எருக்குழியில் கொட்டுகிறோம். வேறு உபயோகம் உண்டா?
– வாசகி, ஊட்டி

பதில்: தயவுசெய்து கொட்டாதீர்கள். நீராவியோடு போவது சினியோல், கற்பூரம் போன்ற வாசனைப் பொருள்கள்தான். கார்னோசிக் அமிலம் ஆவியாவதில்லை, இலையிலேயே தங்குகிறது. அதனால் முதல் பதிலில் சொன்னபடி இதையும் எண்ணெயில் ஊறவைக்கலாம். வாசனை குறைந்த இலை என்பதால் எண்ணெயிலும் ரோஸ்மேரி நெடி தூக்கலாக இருக்காது. அன்றைக்கே பரப்பி உலர்த்த வேண்டும். சூடான ஈர இலையைக் குவித்துப் போட்டால் மறுநாளே புளித்துவிடும்.

கேள்வி: தோட்டத்துக் கொழுந்தில் கிரீன் டீ செய்தால் சிவந்துபோகிறது, சில சமயம் கருக்கிறது. ஏன்?
– வாசகி, குன்னூர்

பதில்: சிவப்பதும் கருப்பதும் வெவ்வேறு கோளாறு. இலை கசங்கியதும் அதிலுள்ள ஒரு நொதி, கேட்டச்சின்கள் என்னும் துவர்ப்புப் பொருள்களைக் காற்றோடு சேர்த்துச் சிவக்கவைக்கிறது. கறுப்புத் தேயிலைக்கு அதுதான் வேண்டும், கிரீன் டீக்குக் கூடாது. நறுக்கிய வாழைப்பூவை மோரில் போடுவது இதே நொதியை அடக்கத்தான். அங்கே புளிப்பு அடக்குகிறது, இங்கே ஆவி அடக்க வேண்டும். இரண்டு இலை, ஒரு மொட்டாகப் பறித்த கொழுந்தைக் கசக்காமல் உடனே இட்லிப் பானையில் மெல்லிய அடுக்காகப் பரப்பி, ஆவி நன்றாக வந்தபின் ஒன்றரை நிமிடம் வையுங்கள். உங்கள் உயரத்தில் தண்ணீர் 94 டிகிரிக்கு அருகிலேயே கொதித்துவிடும், இருந்தாலும் நொதியை அடக்க அது போதும். எடுத்ததும் விசிறி ஆறவைத்து, உருட்டி உலர்த்துங்கள். காம்பு சிவந்தால் ஆவி போதவில்லை என்று அர்த்தம்.

கருப்பது இரும்பால். இரும்பு வாணலி, துருப்பிடித்த தட்டு எதுவானாலும் துவர்ப்புப் பொருள்கள் இரும்போடு சேர்ந்து மை போலாகிவிடும். எவர்சில்வருக்கு மாறுங்கள். குடிக்கும்போது கொதிநீரை இரண்டு நிமிடம் ஆறவிட்டு ஊற்றி, ஒரு சொட்டு எலுமிச்சை விடுங்கள். புளிப்பில் கேட்டச்சின் நிலைத்திருக்கும்.

கேள்வி: இலையை ஸ்பிரிட்டில் ஊறவைத்தால் சத்து அதிகம் இறங்குமாமே?
– கல்லூரி மாணவர், கொடைக்கானல்

பதில்: எத்தனாலும் தண்ணீரும் கலந்த கலவை தனித் தண்ணீரைவிடப் பல பீனால்களை (கேட்டச்சின் போன்ற துவர்ப்புப் பொருள்களை) நன்றாக இழுக்கும், உண்மைதான். ஆனால் கடையில் விற்கும் டீநேச்சர்டு ஸ்பிரிட்டில் (குடிக்க முடியாதபடி ஆக்கிய ஸ்பிரிட்) மெத்தனால் என்னும் நஞ்சு இருக்கலாம், அது பார்வையைப் பறிக்கும், உயிரையும் பறிக்கும். வீட்டில் செய்ய, உணவுத் தரக் கிளிசரின் 60 மில்லி, தண்ணீர் 40 மில்லி, காய்ந்த இலைப்பொடி 10 கிராம் எடுத்து, 60 டிகிரியில் 2 மணி நேரம் வைத்து வடிகட்டி ஃபிரிட்ஜில் வையுங்கள். ஆய்வகத்தில், பீனால்களின் அளவை நீல நிறத்தால் காட்டும் ஃபோலின் சோதனை செய்தால் ஒன்றைக் கவனியுங்கள்: வைட்டமின் சி-யும் அதே நீலத்தைத் தரும். பழச்சாற்றில் பீனால் அளவு கூடுதலாகத் தெரிந்தால் உடனே நம்பிவிட வேண்டாம்.

கேள்வி: ரத்தசோகை உள்ளவர்கள் கிரீன் டீ குடிக்கலாமா?
– வாசகி, கூடலூர்

பதில்: சாப்பாட்டோடு வேண்டாம். வாணலியில் இலையைக் கருக்கிய அதே சேர்க்கை வயிற்றிலும் நடக்கிறது. கீரை, பயறில் உள்ள இரும்பைத் துவர்ப்புப் பொருள்கள் பிடித்துக்கொள்ளும். சாப்பிட்டு ஒரு மணி நேரமாவது கழித்துக் குடியுங்கள், இரும்பு மாத்திரைக்கும் அதே இடைவெளி விடுங்கள்.