கம்பெனியைப் பாக்காதீங்க, ஆபீஸ்ல உக்காரப்போற ஆளைப் பாருங்க

கேள்வி: அன்புள்ள அக்கா, சிங்கப்பூர்ல செம்பவாங் பக்கம் 186 வீடு உள்ள ஒரு கொண்டோல (தனியார் அடுக்குமாடிக் குடியிருப்பு) இருக்கோம், கட்டி 22 வருஷம் ஆச்சு. போன ஏஜிஎம்ல, அதாவது வருஷாந்திரப் பொதுக்கூட்டத்துல, ஆள் பத்தலைன்னு யாரோ என் பேரைச் சொல்ல, நான் வாயைத் திறக்கறதுக்குள்ள வீட்டுக்காரங்க கமிட்டியான கவுன்சில்ல மெம்பர் ஆக்கிட்டாங்க. கொண்டோவைப் பராமரிக்கற கம்பெனி, அதான் மேனேஜிங் ஏஜெண்ட், இப்ப இருக்கிறது சரியில்லைன்னு மாத்தப் போறோம். மூணு கொட்டேஷன் வந்திருக்கு, மாசத்துக்கு 4,300, 5,000, 5,700 வெள்ளி. சேர்மன் 4,300 காரங்களையே எடுத்துடலாம்ங்கிறார், அங்க உள்ள ஒருத்தர் அவருக்குப் பழைய பழக்கமாம். மத்தவங்க தலையாட்டுறாங்க. எனக்கு இதுல ஒண்ணும் தெரியாது, ஆனா மனசு ஒப்பலை. எதை வச்சு முடிவு பண்றது?
– கவுன்சிலுக்குப் புதுசு

பதில்: வாங்கம்மா, நானும் இப்படித்தான் மாட்டினேன். பின்வரிசையில பேரனை மடியில வச்சுட்டு உக்காந்திருந்தவளை செக்ரட்டரி ஆக்கி, ஆறு வருஷம் வெளியவே விடலை. அதனால நான் சொல்றது பட்டுத் தெரிஞ்சுக்கிட்டது.

மொதல்ல அந்த 700 வெள்ளி வித்தியாசத்தைப் பார்ப்போம். 4,300க்கும் 5,000க்கும் நடுவுல உள்ள 700ஐ 186 வீட்டுக்கும் பிரிச்சா சராசரியா ஒரு வீட்டுக்கு மாசம் 3 வெள்ளி 76 காசு வருது, ஒவ்வொரு வீட்டுக்கும் உள்ள பங்கு அளவை, அதான் ஷேர் வேல்யூவை, பொறுத்து கொஞ்சம் கூடும் குறையும் அவ்வளவுதான், ரெண்டு தே தாரிக் டீ குடிச்சா தீர்ந்துடும். ஆனா இந்த ஏஜெண்ட் கையால வருஷம் பூரா செலவாகப் போற காசு இருக்கே, செக்யூரிட்டி, கிளீனிங், லிஃப்ட், பம்ப், நீச்சல்குளம், இன்சூரன்ஸ், பெயிண்ட் அடிக்கிறது எல்லாம், அதுக்கு முன்னாடி ஏஜெண்ட் ஃபீஸ் ஒரு ஓரத்துல நிக்கும். ஒரு நல்ல மேனேஜர் லிஃப்ட் காண்ட்ராக்டை ஒழுங்காப் படிச்சு, எந்த பார்ட்ஸ் காண்ட்ராக்ட்லயே அடக்கம், எதுக்குத் தனி பில்னு சண்டை போட்டாலே அந்த 700 திரும்பி வந்துடும். அந்தச் சண்டையைப் போடத் தெரியாத ஆள் இலவசமா வந்தாலும் நமக்கு நஷ்டம்தான்.

அதனால நான் எப்பவும் கேக்கறது ஒண்ணே ஒண்ணு. எங்க ஆபீஸ்ல யாரு வந்து உக்காரப் போறாங்க? பிரசன்டேஷனுக்கு கோட்டு போட்டுட்டு வர்ற டைரக்டரை நீங்க சைன் பண்ணின பிறகு ஏஜிஎம் அன்னைக்குத்தான் மறுபடி பார்ப்பீங்க, அதுவும் சந்தேகம். தினம் உங்க ஃபோனை எடுக்கப் போறது கொண்டோ மேனேஜர். அவரையே இன்டர்வியூவுக்குக் கூட்டிட்டு வரச் சொல்லுங்க, "இன்னும் ஆளை முடிவு பண்ணலை"ன்னு சொன்னா அப்ப நாங்களும் இன்னும் முடிவு பண்ணலைன்னு சொல்லிடுங்க. அவர் உங்க கொண்டோக்கு மட்டும்தானா இல்ல இன்னும் ரெண்டு மூணு எஸ்டேட்டையும் சேர்த்துப் பார்ப்பாரா, வாரத்துல எத்தனை நாள் எத்தனை மணி நேரம் இருப்பாரு, டெக்னிஷியன் உண்டா, அவர் வேலையை விட்டா எத்தனை நாள்ல அடுத்த ஆள் வருவாங்க, இதெல்லாம் வாய்ப்பேச்சா இருக்கக்கூடாது, காண்ட்ராக்ட்ல எழுத்துல வரணும். எங்க கொண்டோல இதே மாதிரி குறைஞ்ச விலைக்கு ஒரு கம்பெனியை எடுத்தோம், 11 மாசத்துல நாலு மேனேஜர். ஒவ்வொருத்தருக்கும் பி பிளாக் கூரை எங்க ஒழுகுதுன்னு நானே ஏணி ஏறிக் காட்டினேன், நாலாவது ஆளுக்குக் காட்டும்போது எனக்கு அந்தக் கூரை மேல உள்ள பல்லி வரைக்கும் பழக்கம்.

அடுத்தது கொட்டேஷனை விட முக்கியம், யாரும் செய்யறதில்லை. அந்த மூணு கம்பெனியும் இப்பப் பார்த்துக்கிற கொண்டோ லிஸ்டைக் கேளுங்க. அவங்க கூட்டிட்டுப் போற இடத்துக்குப் போகாதீங்க, அங்க எல்லாம் பளபளன்னு இருக்கும். லிஸ்ட்ல உங்க கொண்டோ வயசுக்கு ஒத்த ஒண்ணா, அங்க தெரிஞ்சவங்க யாராவது இருக்காங்களான்னு பார்த்து, ஞாயித்துக்கிழமை காலைல விருந்தாளி மாதிரி போங்க. நான் அப்படி ஒரு தடவை போனேன். லாபில பூச்செடி எல்லாம் அழகுதான், ஆனா லிஃப்டுக்குப் பக்கத்துல உள்ள நோட்டீஸ் போர்டுல முந்தின வருஷம் தீபாவளிக்கு ஒட்டின வாழ்த்து அப்படியே வெளுத்துப் போய்க் கிடக்கு, அதுக்குக் கீழ தண்ணித்தொட்டி கழுவறதா ஒரு நோட்டீஸ், தேதி போய் எட்டு மாசம். குப்பை அறைக் கதவு பிடி கழண்டு கம்பியால கட்டியிருக்கு. கார்பார்க் கூரையில ஒழுகற தண்ணிக்கு ஒரு வாளி, வாளிக்குள்ள பாசி. பாசி பிடிக்கற அளவுக்கு அந்த வாளி அங்கேயே இருந்திருக்குன்னு அர்த்தம். வெளிய வரும்போது கார்ட் ஹவுஸ்ல இருந்த அங்கிள்கிட்ட "மேனேஜர் இருக்காரா"ன்னு கேட்டேன், அவர் சிரிச்சுட்டே "செவ்வாய், வியாழன் மட்டும்தான் வருவாரு, சில செவ்வாய் வரமாட்டாரு"ன்னார். அந்தக் கம்பெனியோட புரோஷரை அப்பவே மடிச்சுப் பையில வச்சுட்டேன்.

வீடு விக்கிற ஏஜெண்டுக்கு சிஇஏ-ங்கிற அரசாங்க அமைப்புல பதிவு கட்டாயம்னு நமக்கெல்லாம் தெரியும், அதே மாதிரிதான் இவங்களுக்கும்னு நினைச்சுக்காதீங்க. மேனேஜிங் ஏஜெண்டுகளுக்கு உள்ளது ஏபிஎஃப்எம், ஏஎஸ்எம் மாதிரி கட்டட மேனேஜர்கள் சங்கங்கள் குடுக்கற அங்கீகாரம். இருந்தா நல்லது, கேளுங்க, ஆனா அந்த சர்டிஃபிகேட் சுவத்துல மாட்டியிருக்குங்கிறதுக்காக வாளில பாசி பிடிக்காம இருக்காது.

இன்டர்வியூல என்ன கேக்கறதுன்னு தெரியலைன்னா உங்க கொண்டோவையே வச்சுக் கேளுங்க. கட்டி 22 வருஷம்னு எழுதியிருக்கீங்க இல்லையா, 20 வருஷத்துக்கு மேல ஆன, 13 மீட்டருக்கு மேல உயரமுள்ள கட்டடங்களுக்கு வெளிச்சுவரை 7 வருஷத்துக்கு ஒரு தடவை பரிசோதிக்கணும்னு கட்டட, கட்டுமான ஆணையமான பிசிஏ 2022லேர்ந்து கொண்டு வந்திருக்கு. வீட்டுக் கட்டடத்துக்கு 10 வருஷத்துக்கு ஒரு தடவை கட்டமைப்புப் பரிசோதனை தனி. "எங்க கொண்டோக்கு இந்த ரெண்டும் எப்ப வருது, காசு எந்த ஃபண்ட்லேர்ந்து"ன்னு கேளுங்க. வர்றதுக்கு முன்னாடியே கட்டடத்தோட வயசைப் பார்த்துட்டு வந்தவங்க டக்குன்னு பதில் சொல்வாங்க, மத்தவங்க "செக் பண்ணிட்டு சொல்றோம்"பாங்க. இன்னொண்ணு பட்ஜெட். செக்யூரிட்டி ஆபீசர்களுக்கு ப்ரோக்ரசிவ் வேஜ்ங்கிற படிப்படியா ஏறற சம்பளத் திட்டத்துல குறைஞ்சபட்ச மொத்தச் சம்பளம் 2024ல மாசம் 2,650 வெள்ளி, அது வருஷா வருஷம் 220 வெள்ளி ஏறி 2028ல 3,530 ஆகணும். இது எல்லாருக்கும் முன்கூட்டியே தெரிஞ்ச கணக்கு. அப்படியிருந்தும் அஞ்சு வருஷ பட்ஜெட்ல செக்யூரிட்டி செலவு மட்டும் மாறாம ஒரே நம்பரா இருந்தா, வீட்டுக்காரங்க கட்டற பராமரிப்புக் கட்டணம், அதான் லெவி, திடீர்னு ஏறப் போகுதுன்னு அர்த்தம், அதை ஏஜிஎம்ல பக்கத்து வீட்டுக்காரங்களுக்கு விளக்கப் போறது நீங்கதான்.

ஃபீஸ்ல எது அடக்கம் எது இல்லைங்கிறதை சின்ன எழுத்து வரைக்கும் படிங்க. ஆபீஸ் நேரத்துக்குப் பிறகு மீட்டிங் வச்சா தனிக்காசா, இஜிஎம்ங்கிற அவசரப் பொதுக்கூட்டத்துக்குத் தனியா, பெயிண்ட் மாதிரி பெரிய வேலைக்கு மேற்பார்வைன்னு இத்தனை சதவீதம் எடுப்பாங்களா, 9 சதவீத ஜிஎஸ்டி சேர்த்தா சேர்க்காமலா. சில நேரம் 4,300 காரங்க இதெல்லாம் கூட்டினா 5,200ல போய் நிப்பாங்க. புரொஃபஷனல் இன்டெம்னிட்டி (அவங்க வேலைத் தப்பால வர்ற நஷ்டத்துக்கு), ஃபிடெலிட்டி (அவங்க ஆள் காசைச் சுருட்டினா அதுக்கு) இன்சூரன்ஸ் ரெண்டும் வச்சிருக்காங்களான்னு பேப்பரைக் கேட்டு வாங்குங்க. பேங்க் கணக்கு வீட்டுக்காரங்க எல்லாரும் சேர்ந்த நிர்வாக அமைப்பான எம்சிஎஸ்டி பேர்லதான் இருக்கணும், செக்குல கையெழுத்து கவுன்சில் மெம்பர்கள்துன்னு இருக்கட்டும், இதுல மட்டும் யார் சொன்னாலும் இளகாதீங்க. மாசா மாசம் கணக்கு எத்தனாம் தேதிக்குள்ள வரும், லெவி பாக்கி லிஸ்ட் அதோட வருமான்னும் கேட்டுடுங்க.

இப்ப சேர்மன் விஷயம். அவரைத் திருடன்னு நினைக்க வேண்டாம், பழக்கமான ஆளுன்னா நல்லா செய்வாங்கன்னு நம்பறதும் மனுஷ குணம்தான். ஆனா மீட்டிங்ல மெதுவா, "அண்ணே, பழக்கம் உண்டுங்கிறதை மினிட்ஸ்ல எழுதிடலாம், இன்டர்வியூவும் மார்க்கும் மத்தவங்க போடறோம், நாளைக்கு யாரும் உங்களை ஒரு வார்த்தை சொல்லக்கூடாது பாருங்க"ன்னு சொல்லிப் பாருங்க. அவர் மானத்தைக் காப்பாத்தற மாதிரி சொன்னா முக்காவாசிப் பேர் ஒத்துப்பாங்க. பழக்கத்தைத் தாண்டி பங்கு, கமிஷன்னு ஏதாவது இருந்தா கவுன்சில்ல வெளிப்படையாச் சொல்லியே ஆகணும், அது சட்டம். அப்படியும் கேக்கலைன்னா உங்க எதிர்ப்பை மினிட்ஸ்ல பதிவு பண்ணச் சொல்லுங்க. போன ஏஜிஎம்ல ஏஜெண்ட் நியமனத்தைப் பத்தி என்ன தீர்மானம் போட்டிருக்குன்னும் ஒரு தடவை எடுத்துப் படிச்சுடுங்க.

ஒண்ணு சொல்லட்டுமா, கோவிச்சுக்காதீங்க. இப்ப இருக்கிற ஏஜெண்ட் சரியில்லைன்னு எழுதியிருக்கீங்க, என்ன சரியில்லைன்னு எழுதலை. கடைசி ஒரு வருஷ கவுன்சில் மினிட்ஸை எடுத்து வச்சு, பென்சிலால கோடு போட்டுட்டே வாங்க. எத்தனை விஷயம் ஏஜெண்ட் செய்யாம நின்னுச்சு, எத்தனை விஷயம் "அடுத்த மீட்டிங்ல பேசலாம்"னு கவுன்சில்லயே நின்னுச்சு? எங்க இடத்துல நான் இதை எண்ணினப்போ பம்ப் மாத்தறதுக்கு மூணு கொட்டேஷன் கொண்டு வந்து அஞ்சு மாசமாக் காத்துட்டு இருந்தது அந்தப் பாவப்பட்ட மேனேஜர், முடிவு எடுக்காம இருந்தது நாங்க. அப்படித்தான் உங்க மினிட்ஸும் சொல்லுதுன்னா 5,700 காரங்களைக் கொண்டு வந்தாலும் அடுத்த வருஷம் அவங்களையும் மாத்தத்தான் போறீங்க.

மாத்தறதுன்னே முடிவானா பழையவங்க போறதுக்கு முன்னாடி ரெண்டு பேரும் சேர்ந்து இருக்கற மாதிரி சில நாள் வச்சுக்கோங்க. கட்டட பிளான், லிஃப்ட் பராமரிப்புப் பதிவேடு, ஆக்சஸ் கார்டு லிஸ்ட், லெவி பாக்கி, நடந்துட்டு இருக்கிற கேஸ் எல்லாத்துக்கும் பட்டியல் போட்டு ரெண்டு பக்கமும் கையெழுத்து வாங்கணும். சாவியை மட்டும் எண்ணி வாங்கினாப் பத்தாது, ஒவ்வொண்ணையும் பூட்டுல போட்டுத் திருப்பிப் பாருங்க. எங்களுக்கு 43 சாவி குடுத்தாங்க, அதுல 11 எந்தக் கதவுக்கும் சேரலை, பம்ப் ரூம் சாவி அந்தப் 11ல ஒண்ணு.