லாக் கோப்பைச் சுழற்றிய பிறகும் டிஸ்க் நிரம்புகிறது. டீமனை (பின்னணியில் ஓடும் நிரலை) மறுதொடக்கம் செய்தால் போதுமா?

போதாது. டிஸ்க் நிரம்பிய நேரத்தில் அவசரப்பட்டு முதலில் செய்யக் கூடாததும் அதுவே. லாக் கோப்புகளைச் சுழற்றும், அதாவது பழையதை ஒதுக்கிப் புதியதைத் தொடங்கும் கருவியான லாக்ரொடேட் பிழை எதுவும் காட்டவில்லை, டிஸ்க்கில் மொத்தம் எவ்வளவு இடம் போயிருக்கிறது என்று காட்டும் டிஎஃப் கட்டளை டிஸ்க் நிரம்பிவிட்டது என்கிறது, பெயருள்ள கோப்புகளின் அளவைக் கூட்டும் டியூ கட்டளையோ அதில் பாதிக்குக்கூடக் கணக்குக் காட்டவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். உங்களிடம் ஓடுவது என்ஜின்எக்ஸ் என்ற வெப் சர்வர் அல்லது அதைப் போன்ற டீமன் என்று எடுத்துக்கொள்கிறேன்.

லாக்ரொடேட் வழக்கமாகக் கோப்பின் பெயரைத்தான் மாற்றுகிறது. ஏற்கெனவே திறந்து வைத்த கோப்பை டீமன் பெயரால் அல்லாமல் ஐநோடு (கோப்பு முறைமையில் அந்தக் கோப்புக்கான உள்பதிவு) வழியாகப் பிடித்திருப்பதால், பெயர் மாறினாலும் அதிலேயே தொடர்ந்து எழுதும். பின்னர் ஜிஜிப் என்ற சுருக்கும் நிரல் அதைச் சுருக்கி மூலக் கோப்பை நீக்கும்போது பெயர் மறைந்துவிடும். டீமன் கைவிடும்வரை இடம் மட்டும் விடுபடாது.

நான் பணியாற்றிய நிறுவனம் ஒன்றில் இதே நிலை ஏற்பட்டபோது, இரவுப் பணியில் இருந்தவர்கள் உடனே மறுதொடக்கம் செய்யச் சொன்னார்கள். நான் உறுதியாக மறுத்தேன். திறந்திருக்கும் கோப்புகளைப் பட்டியலிடும் எல்எஸ்ஓஎஃப் கட்டளையை, நீக்கப்பட்டவற்றை மட்டும் காட்டும் +எல்1 தெரிவுடன் இயக்கியதும், நீக்கப்பட்ட அணுகல் லாக் இன்னும் என்ஜின்எக்ஸின் பிடியில் இருப்பது தெரிந்தது. கடைசிச் சுழற்சிக்குப் பின் வந்த கோரிக்கைகள் அனைத்தும் அதில்தான் பதிவாகியிருந்தன. மறுதொடக்கம் செய்திருந்தால் இடம் கிடைத்திருக்கும், பதிவுகள் நிரந்தரமாக அழிந்திருக்கும். ஆகவே ஓடும் செயல்முறைகளின் விவரங்களைக் காட்டும் /ப்ராக் கோப்பகத்தில் அந்தச் செயல்முறை எண்ணின் கீழுள்ள எஃப்டி (திறந்த கோப்புகளுக்கான இணைப்புகள்) வழியாக அதை வேறொரு டிஸ்க்குக்கு நகலெடுத்து, பிறகே என்ஜின்எக்ஸின் தலைமைச் செயல்முறைக்கு, லாக்குகளை மீண்டும் திறக்கச் சொல்லும் யூஎஸ்ஆர்1 சிக்னல் அனுப்பினேன். என்ஜின்எக்ஸ் லாக் கோப்புகளைப் புதிதாகத் திறந்தது. ஓர் இணைப்பும் அறுபடாமல் இடம் விடுபட்டது.

காரணம் லாக்ரொடேட் அமைப்பின் போஸ்ட்ரொடேட் பகுதியில், அதாவது சுழற்றிய பின் டீமனுக்குச் சிக்னல் அனுப்பும் ஸ்கிரிப்டில் இருந்தது. டெபியன் (ஒரு லினக்ஸ் வகை) தரும் என்ஜின்எக்ஸ் தொகுப்பை நீக்கிவிட்டு, மூல நிரலிலிருந்து கட்டிய என்ஜின்எக்ஸை யாரோ நிறுவியிருந்தார்கள். தொகுப்பை வெறுமனே நீக்கினால் அதன் அமைப்புக் கோப்புகள் அப்படியே தங்கிவிடும். அப்படித் தங்கிய பழைய போஸ்ட்ரொடேட் ஸ்கிரிப்ட், செயல்முறை எண்ணைக் கொண்ட பிஐடி கோப்பை /வர்/ரன் கோப்பகத்தில் தேடியது. புதிய என்ஜின்எக்ஸோ தன் சொந்த லாக்ஸ் கோப்பகத்தில் அதை வைத்திருந்தது. கோப்பு இருந்தால் மட்டும் சிக்னல் அனுப்பு என்று எழுதியிருந்ததால், இல்லாதபோது ஒரு பிழைச் செய்திகூட வரவில்லை. தோல்வியை இப்படி விழுங்கும் ஸ்கிரிப்டுகளை நான் கடுமையாக எதிர்க்கிறேன்; பாதுகாப்பு என்ற பெயரில் அவை சர்வரைப் பராமரிப்பவரின் கண்ணைக் கட்டுகின்றன. லாக்ரொடேட்டை -டி தெரிவுடன் வெறும் ஒத்திகையாகச் சோதித்தாலும் இது வெளிப்படாது, ஏனெனில் அந்த முறையில் ஸ்கிரிப்டுகள் இயங்குவதே இல்லை.

கோப்பை நகலெடுத்துவிட்டு மூலத்தை அதே இடத்தில் வெட்டிக் காலியாக்கும் காப்பிட்ரங்கேட் என்று லாக்ரொடேட் அமைப்பில் ஒரு வரி சேர்த்தால் முடிந்ததே என்று சிலர் இங்கே எழுதக்கூடும். கோப்பை மீண்டும் திறக்கவே தெரியாத டீமனுக்கு அது தேவைப்படலாம் என்பதை மறுக்கவில்லை. ஆனால் நகலெடுப்பதற்கும் வெட்டுவதற்கும் இடையே எழுதப்படும் வரிகள் தொலையக்கூடும். தணிக்கைக்கு வேண்டிய லாக்குகளுக்கு அதை நான் ஏற்கமாட்டேன்.

முதலில் உங்கள் போஸ்ட்ரொடேட் தேடும் பிஐடி கோப்பு உண்மையிலேயே அங்கு இருக்கிறதா என்று பாருங்கள். சுருக்குவதை அடுத்த சுழற்சிக்குத் தள்ளிப்போடும் டிலேகம்ப்ரஸ் வரியையும் லாக்ரொடேட் அமைப்பில் சேருங்கள். சிக்னல் தவறினாலும், பழைய கோப்பு அடுத்த சுழற்சிவரை நீக்கப்படாமல் கண்ணுக்குத் தெரியும்படி வளரும்.